நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள பூச்சி,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் இரண்டு மைல் நடக்கிறார், மாலையில் என்னோடு சண்டை போடுகிறார். போனில் பேசினால் நம் பேச்சு ‘சாப்பிட்டியா’வில் தொடங்கி ‘சரி, வெச்சுடறேன்’ என்பதில் முடிந்துவிடுகிறது. எனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதை நீ பாதியில் வெட்ட முடியாதபடி சொல்ல வேண்டும். அதனால்தான் கடிதம்.

சேதி இதுதான்: உங்கள் ஊர் மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

சிரி, பரவாயில்லை. ஒன்றரை வருடமாக, வாரம் மூன்று நாள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் நேராக வகுப்புக்குப் போனேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். வளைகிறது, முதுகுதான் வலிக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் இருபது, இருபத்திரண்டு. முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரையும் எதற்குக் கற்றுக்கொள்ள வந்தாய் என்று கேட்டார். நர்ஸ் வேலைக்கு என்றாள் ஒருத்தி. வெல்டிங் வேலைக்கு என்றான் ஒருவன். என் முறை வந்தது. “என் தங்கச்சி எழுதின புத்தகத்தைப் படிக்க” என்றேன். “அவங்களையே தமிழ்ல எழுதச் சொல்லலாமே மேடம், ஃபீஸ் மிச்சம்” என்றான் அந்த வெல்டிங். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

நீ ஏன் தமிழில் எழுதுவதில்லை? பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் உன்னை அடிக்க ஆள் கிடையாதே.

உன் முதல் இரண்டு புத்தகங்களை அனுப்பினாய். அட்டையைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தோம். மூன்றாவதை அனுப்பவே இல்லை. அதற்குப் பரிசு கிடைத்ததே வெளியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டதற்கு, “அது ஏதோ ஆபீஸ் கதைக்கா, உனக்குப் பிடிக்காது” என்றாய். வகுப்பிலிருந்த நர்ஸ் பெண்ணின் அண்ணன் உங்கள் ஊரில்தான் வேலை பார்க்கிறான், லீவில் வந்தபோது வாங்கிவரச் சொன்னேன். ஆபீஸ் கதையாடி அது? முதல் வரியிலேயே பம்பு ஓடுகிறது. அப்பா வேலை பார்த்த குடிநீர் நிலையம், நாம் வளர்ந்த நாலு வீட்டுக் குவார்ட்டர்ஸ், எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. அகராதி இல்லாமல் ஒரு வரி நகராது. ஆனாலும் இது நீ எழுதியது என்று தெரிகிறது. உன் குரல் கேட்கிறது.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டே படித்தேன். படித்துவிட்டு இரண்டு வண்டிப் புத்தகங்களைத் தப்பான அலமாரியில் வைத்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இந்த வயதில் எனக்காக ஒரு மொழியையே கற்றுக்கொண்டிருக்கிறாய். யாருக்கு யார் இப்படிச் செய்வார்கள்? ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தை மூடிவை. முதல் புத்தகத்தை எடுத்துக்கொள். அது எளிய நடை, சின்னச் சின்ன வாக்கியம், படிக்கப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது. மூன்றாவதில் நான் வேண்டுமென்றே மொழியை முறுக்கி எழுதியிருக்கிறேன். இங்கே பிறந்தவர்களே தடுமாறுகிறார்கள்.

ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். இங்கே மேடைகளிலும் அதைத்தான் கேட்கிறார்கள். அதற்கென்றே ஒரு பதில் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ‘இந்த மொழியில் நான் விருந்தாளி. விருந்தாளி கண்ணில்தான் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானும் படும்’ என்பேன். கைதட்டுவார்கள். அது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதி, தமிழில் எழுத உட்கார்ந்தால் யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று படிப்பது போல இருக்கிறது. பேனா ஓடமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தையே பார், எத்தனை அடித்தல் திருத்தல்.

முதல் புத்தகத்தைப் படி. அதில் எங்கே சிக்கினாலும் எழுது, நான் விளக்குகிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பூச்சி


பிப்ரவரி 15

அன்புள்ள பூச்சி,

சொன்ன பேச்சைக் கேட்கும் வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். முறுக்கி எழுதினாயாம் முறுக்கி! நீ ஐந்து வயதில் சொன்ன பொய்களையே பிரித்தவள் நான், உன் வாக்கியமா எனக்குப் பெரிது?

சில தப்புகளைக் குறித்துவைத்திருக்கிறேன். பின்பக்க ஜன்னல் பம்பு அறையைப் பார்த்து இருந்தது, தொட்டியைப் பார்த்து அல்ல. அப்பா கையிலிருந்த கிரீஸ் வாசனையை எழுதியிருக்கிறாய், அது சரி. அம்மா துணியை உதறுவதற்குமுன் இரண்டு பக்கமும் பார்ப்பாள், யார் மேலாவது தெறித்துவிடும் என்று. அது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்த வரியில் அரைமணி நேரம் நின்றேன்.

அப்பாவும் கேட்கிறார். தினமும் மாலை ஐந்து மணிக்கு டீ குடித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் வரிக்கு வரி பார்த்துத் தமிழில் சொல்வேன். நீ ‘நான்’ என்று எழுதிய இடத்தில் நானும் ‘நான்’ என்றே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் ‘அவள்’ என்று மாற்றுவதற்கு என் மூளை இடம் கொடுக்கவில்லை. முதல் நாள் அவர் குழம்பினார். “யாரு, நீயா அவளா?” என்றார். இப்போது பழகிவிட்டது. நேற்று நடுவில் நிறுத்தினார். “அந்த மோட்டார் எழுபத்தஞ்சு குதிரைசக்தி. அறுபதுன்னு போட்டிருக்கா. அச்சடிக்கிறவங்ககிட்ட சொல்லித் திருத்தச் சொல்லு” என்றார். எழுபத்தெட்டு வயது, இன்னமும் மோட்டாரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது. அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. உன் முதல் புத்தகம் வந்தபோது அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் திருப்பிக் கொடுத்தேன். “எப்படிப் பிடிச்சா என்ன, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றாள். நீ எழுதிய ஒரு வரிகூடப் படிக்காமல்தான் போனாள். அவள் துணி உதறுவதை யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் படித்து ரசிக்கிறார்கள். அவளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ.

சரி, விடு. நாளைக்கு ஐந்தாம் அத்தியாயம்.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்குப் படிப்பதை நிறுத்து. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ படிப்பதைத் தடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் வேண்டாம். முடியாது என்றால் ஆறாம் அத்தியாயத்தோடு நிறுத்து. இல்லை, ஏழாவதை மட்டும் விட்டுவிட்டு எட்டுக்குப் போய்விடு. நூற்றெட்டாம் பக்கத்திலிருந்து நூற்றிருபது வரை. அதை விட்டாலும் கதை புரியும். எட்டாம் அத்தியாயத்தில் நான் இந்த ஊருக்கு வந்துவிடுவேன், பனி, வாடகை அறை என்று அப்பாவுக்குச் சுவாரசியமாக இருக்கும்.

ஏழாம் அத்தியாயம் நம் தம்பி சின்னவனைப் பற்றியது. இதற்குமேல் என்னைக் கேட்காதே. எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவதில்லை. பதிப்பாளருக்கு ஒன்று தேவைப்படும், கதைக்கு ஒன்று தேவைப்படும்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியது நியாயம்.

அப்பாவின் ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது? நீ எழுதுவதே இல்லை.

பூச்சி


மார்ச் 18

அன்புள்ள பூச்சி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எதையும் இரண்டு தடவை பார்ப்பதுதான் என் வழக்கம். வேலை செய்யும் இடத்தில் எனக்கு ‘டபுள் செக் அக்கா’ என்று பெயர். ரத்தம் எடுத்த குப்பியில் ஒட்டிய பெயரைப் பார்ப்பேன், ஆளைக் கேட்பேன், மறுபடி பெயரைப் பார்ப்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இந்த வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும்.

ஆக, சின்னவன் போனதை எழுதியிருக்கிறாய். தொட்டிப் பக்கம் போகும் கேட்டைத் திறந்து போட்டது உன் அக்கா என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் அனுப்பவில்லை, அதனால்தான் படிக்காதே என்கிறாய்.

எழுதினால் என்ன? நடந்ததுதானே. அன்றைக்கு நான்தான் தொட்டிப் பக்கம் போய்த் துணி துவைத்தேன். இரண்டு மணிக்கு வாளியோடு வந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், வாளியைப் பின்படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று வயதுப் பிள்ளை எப்போது தூங்கி எழுந்தான், எப்போது பின்பக்கம் போனான், யாரும் பார்க்கவில்லை. அவனைத் தொட்டியிலிருந்து தூக்கி வந்த பிறகு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கடைசியா கேட்டைத் திறந்தது யாரு?” நான் என்றேன். கேட் சாவி அது தொங்கும் ஆணியில் இல்லை. துணியைக் கொட்டிப் பார்த்தார்கள், சாவி என் வாளியில் இருந்தது. பூட்டாமல் வந்து, சாவியை ஈரத் துணிக்குள் போட்டுவிட்டேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை நழுவிச் சாவி துணிக்குள் விழுந்த அந்தக் குளிர்ச்சிகூட நினைவிருக்கிறது.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். முப்பத்தாறு வருடமாக எந்தச் சாவியையும் என் கையில் கொடுத்ததில்லை. இன்றைக்கும் நான் வேலையிலிருந்து வரும்போது அவர் வெளியே போயிருந்தால் வாசலில்தான் நிற்பேன். எதிர் வீட்டுக்காரர்கள் “உள்ளே வாங்க” என்பார்கள். காற்று வாங்குகிறேன் என்பேன். சொந்தக்காரர்கள் குழந்தையை என் மடியில் கொடுத்தால் அம்மா வந்து வாங்கிக்கொள்வாள், சிரித்துக்கொண்டே. அந்தப் பள்ளி ஆசிரியர் பெண் கேட்டு வந்தாரே, நல்ல மனுஷன். நான்தான் வேண்டாம் என்றேன். குழந்தை பிறந்தால் என்னை நம்பி யார் விடுவார்கள்? நானே விடமாட்டேன்.

இதையெல்லாம் உன்மேல் கோபத்தில் எழுதவில்லை. நீ எழுதியிருப்பதைப் படித்துவிடுகிறேன். அப்பாவுக்கும் நானே படிக்கிறேன். இத்தனை வருடமும் அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சொல் கிடையாது. உன் புத்தகமாவது பேசட்டும். அவர் திட்டினால்கூட எனக்கு நிம்மதிதான்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் வருத்தம்.

உன் அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ நினைப்பது தப்பு. ஏழாம் அத்தியாயத்தில் உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

நாலு நாளாக இந்தத் தாள் மேசையில் கிடக்கிறது. மேலே ஒரு வரி வரவில்லை. நேற்று போன் செய்தேன். அப்பா எடுத்து “யாரு?” என்றார். வைத்துவிட்டேன்.

என் அடுத்த கடிதம் உன் கைக்கு வரும்வரை படிக்காதே. தயவுசெய்து.

பூச்சி


ஏப்ரல் 4

பூச்சி,

உன் துண்டுக் கடிதம் இன்று வந்தது. நான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் செவ்வாய்க்கிழமையே படித்துவிட்டேன்.

எப்படிப் படித்தேன் என்று கேள். மாலை ஐந்து மணி. அப்பா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வரி வரியாகத்தான் ஏறும் என்று சொல்லியிருக்கிறேனே, அகராதி சொல்லுக்குப் பொருள் சொல்லும், விஷயத்தைச் சொல்லாது. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன். ‘கையில் சாவி இருந்தது. தொட்டிச் சுவருக்குப் பின்னால் யாரும் கூப்பிடாத இடம் ஒன்று எனக்கு இருந்தது. சங்கு ஊதியதும் ஓடி வந்தேன். நான் கேட்டைப் பூட்டவில்லை.’ இதைச் சொல்லி முடித்து அடுத்த வரிக்கு விரலை நகர்த்துகிறேன், அப்பா கையைத் தூக்கினார்.

“போதும்மா” என்றார். “உன் வாயால இதைச் சொல்ல முப்பத்தாறு வருஷம் ஆச்சு.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மனுஷன் என் கையைப் பிடித்து எத்தனை காலம் ஆகிறது! உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் அப்படியே பிடித்துக்கொள்ள விட்டேன். பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தேன். அடுத்த வரி: ‘அம்மா ஆணிக்குப் பக்கத்தில் நின்றாள். அதனால் சாவியை என் கூடப் பிறந்தவளின் வாளியில் போட்டேன்.’

அக்கா என்றுகூட நீ எழுதவில்லை. கூடப் பிறந்தவள் என்றுதான் அந்தச் சொல். யார் கூடப் பிறந்தவள் என்று எனக்குப் புரிய இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

“அப்பா, இது நான் சொன்னது இல்லைப்பா. அவ எழுதினது. அவதான் திறந்தாளாம்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவ கதை எழுதுறவ. கதையில யார் தலையில வேணாலும் போடலாம். உன்மேல இருக்கிற பாசத்துல பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டிருக்கா. நல்ல மனசு அவளுக்கு” என்றார்.

கேட்டாயா? நல்ல மனசாம் உனக்கு.

மறுநாள் லீவு போட்டேன். பதினெட்டு வருட வேலையில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் லீவு. அந்தப் பக்கத்தை முழுசாக நோட்டில் தமிழில் எழுதினேன். எழுதிக் காட்டினால் நம்புவார் என்று. எழுதி முடித்துப் படித்தால், ‘நான் கேட்டைப் பூட்டவில்லை’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இதை யார் பார்த்தாலும் நான் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் என்றுதான் நினைப்பார்கள். கிழித்துப் போட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அதை ஒரு நாட்டுக்கே பரிமாறி, பரிசும் வாங்கி, என் கண்ணில் மட்டும் படாமல் மறைத்திருக்கிறாய். ஏன் தமிழில் எழுதவில்லை என்ற கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். மேடையில் கேட்டால் இதைச் சொல். ‘தமிழில் எழுதினால் என் அக்கா படித்துவிடுவாள்’ என்று சொல். அதற்கும் கைதட்டுவார்களா என்று பார்.

சாவி துணிக்குள் விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது என்று எழுதினேனே, அது இப்போதும் நினைவிருக்கிறது. செய்யாத ஒன்று எனக்கு எப்படியடி நினைவிருக்கிறது?

நீ எழுது. தமிழில், உன் கையெழுத்தில், அப்பாவுக்கு. கதை வேண்டாம். நான் படிக்கமாட்டேன், அவரே படிக்கட்டும். பெரிய எழுத்தாக எழுது, பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். அவருக்கு எழுபத்தெட்டு என்பதை மறந்துவிடாதே.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன். அது சின்னச் சொல்.

அன்றைக்கு அப்பா கேட்டபோது நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். நூலகப் புத்தகம் என் சட்டைக்குள் இருந்தது. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் நீ ‘நான்’ என்று சொல்லிவிட்டாய். நீ அவ்வளவு உறுதியாகச் சொன்னதும், ஒருவேளை நான் போன பிறகு நீயும் போனாயோ என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு நாள் போனால் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு வாரம் போனது. பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. வருடம் ஏற ஏற அதுவும் ஏறியது. உன்னைப் பெண் கேட்டு வந்து நீ வேண்டாம் என்ற அன்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் இங்கே படிக்க இடம் கிடைத்தது என்று கிளம்பிவிட்டேன்.

இந்த மொழியில் அக்கா கிடையாது, தம்பி கிடையாது. எல்லாம் கூடப் பிறந்தவர்கள்தான். ‘கூடப் பிறந்தவள்மேல் பழி விழுந்தது’ என்று இங்கே என்னால் எழுத முடிந்தது. ‘அக்காமேல் விழுந்தது’ என்று தமிழில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நீ எனக்குத் தலை வாரிவிடுவது நினைவுக்கு வரும், எழுந்துவிடுவேன். பெரிய தைரியசாலி மாதிரி உலகத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். கேட்க வேண்டிய இரண்டு பேருக்குக் கேட்காது என்ற தைரியம்தான் அது. நீ சொன்னது சரி.

அப்பாவுக்கு ஏழு தடவை எழுதினேன். முதல் நாலும் கட்டுரை மாதிரி வந்தது. ஐந்தாவது நன்றாக இருந்தது. படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று நானே ஒரு கணம் மகிழ்ந்தேன், அதனாலேயே கிழித்தேன். ஏழாவதை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ முதலில் படித்துவிட்டு அவரிடம் கொடு.

அவர் என்ன சொன்னாலும் எழுது. குறைத்து எழுதாதே.

பூச்சி

[உடன் வைத்த தாள், பெரிய எழுத்தில்]

அப்பா,

இது கதை இல்லை. கதை எழுதும்போது நான் இந்த மொழியில் எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

சின்னவன் போன அன்று கேட்டைத் திறந்து போட்டது நான். அக்கா துவைத்துவிட்டு வந்து பூட்டினாள், சாவியை ஆணியில் மாட்டினாள். நான் எடுத்தேன். தொட்டிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். மூன்று மணிச் சங்கு ஊதியதும் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று ஓடி வந்தேன். பூட்ட மறந்தேன். ஆணிக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். சாவியை அக்கா வாளியில் போட்டேன்.

நீங்கள் கேட்டபோது நான் சொல்லவில்லை. அக்காவுக்கே தெரியாது. அவள்தான் செய்தாள் என்று அவளும் நம்பினாள். எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது நாற்பத்தேழு. இத்தனை வருடமும் எனக்குத் தெரியும்.

அக்காமேல் ஒரு தப்பும் இல்லை அப்பா.

உங்கள் இளையவள்


மே 12

அன்புள்ள பூச்சி,

கொடுத்துவிட்டேன். குறைத்து எழுதாதே என்றாய், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுத்தேன். “அவ உங்களுக்கு எழுதியிருக்காப்பா, தமிழ்ல” என்றேன். “எனக்கா?” என்று கேட்டார், அவ்வளவு சந்தோஷம் முகத்தில். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். அரைமணி நேரம் அதுதான் வேலை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். தாள் மடியில் கிடந்தது. அழுதிருந்தார்.

“நிஜமாவே அவதானா?” என்றார். ஆமாம் என்றேன். “உனக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது, நானும் நான்தான் என்று நினைத்திருந்தேன் என்றேன். தலையை ஆட்டினார். இந்தத் தடவை நம்பிவிட்டார், பூச்சி. உன் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ‘ழ’வை அவள் இன்னும் அப்படியே சுழித்துத்தான் போடுகிறாள் என்றார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அப்படியே நாற்காலிக்குப் பக்கத்தில், ஈரக் கையோடு நின்றேன். அந்த நிமிடத்துக்காகத்தான் ஒன்றரை வருடம் வகுப்புக்குப் போனேன் போல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“பாவம், சின்னப் பொண்ணு. பதினோரு வயசு. அதுக்கு என்ன தெரியும்? பயந்திருக்கும். இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் தனியா கெடந்திருக்கா, கண்ணு காணாத ஊர்ல. அப்பாவுக்குக் கோபமே இல்லைன்னு எழுதும்மா. சின்னப் புள்ளை செஞ்சதுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா? உடனே கெளம்பி வரச் சொல்லு.”

அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. உடனே கிளம்பி வரச் சொன்னார். உன் அறையைச் சுத்தம் செய்யச் சொன்னார், செய்துவிட்டேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. நான் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு டீ கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு அப்போது பதினாலு வயசு, பூச்சி.

உன் அக்கா